மும்முறை பெரியோனின் வயது

சென்ற மார்கழியில் நம் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், நெடுநாளாய் நமக்குப் பழக்கமான ஓர் அம்மையார் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் கல்லூரியில் பயில்பவள். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். எனினும் வீட்டாரின் விடாமுயற்சியால் தமிழைத் தடையின்றிப் பேசுபவள். அவள் கையில் பட்டுத்துணியில் பொதிந்த சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. டாரட் சீட்டு என்று இக்காலத்து இளைஞர் பேசிக்கொள்வது அதுவே.

“இதைப் பாருங்கள் ஐயா! இரண்டு வாரமாய் இரவெல்லாம் இவளுக்கு இதுவே வேலை. சூனியம், கீனியம் ஒன்றும் இல்லையே? பூசை நடக்கும் வீட்டில் இதை வைத்திருக்கலாமா?” என்று அம்மையார் வினவினார். படிப்பறை நூல்களைக் கவனிக்கும் பொறுப்பு நம்மிடம் இருப்பதால், ஏட்டில் எழுதப்பட்ட எதுவும் நமக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணுவோர் நம் சங்கத்தில் பலர். அந்த எண்ணத்தை மாற்ற நாமும் இதுகாறும் முயன்றதில்லை.

மகளோ, “இவை எகிப்து நாட்டுக் கோயில் குருக்களின் நூலிலிருந்து வந்தவை என்று இந்தக் கையேட்டில் எழுதியிருக்கிறது, மாமா. ஐயாயிரம் ஆண்டுப் பழமையாம். அவ்வளவு காலம் காத்து வந்ததை எப்படிப் பொய் என்பது?” என்றாள்.

நாம் ஒரே மூச்சில் விடை சொல்லிவிட்டோம். எகிப்தும் இல்லை, கோயிலும் இல்லை. இத்தாலி நாட்டுச் செல்வர் வீடுகளில் பொழுதுபோக்கச் செய்த ஆட்டச்சீட்டு. மற்றவை எல்லாம் விற்பவர் கட்டிய கதை என்றோம். தாயின் முகம் மலர்ந்தது. மகள் சீட்டுகளை மீண்டும் துணியில் பொதிந்தாள். வாயில்வரை சென்றவள் திரும்பி, “வயது பொய் என்றால் உள்ளே இருப்பதும் பொய்தானா, மாமா?” என்று கேட்டாள்.

நமக்கு விடை தோன்றவில்லை. பேருந்து நேரத்தைப் பற்றி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். அன்று சொல்லாத விடையைச் சொல்லவே இத்திங்கள் இப்பகுதியைப் பயன்படுத்திக்கொள்கிறோம். பிறநாட்டார் மறைஞானம் நமக்கு எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அது நம் வீட்டு மேசைமீது வந்து அமர்ந்த பிறகு அக்கேள்விக்கு இடமில்லை.

முதலில் சீட்டின் கதையை முடித்துவிடுவோம். டாரட் சீட்டு 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் தோன்றியது. மிலான் நகரை ஆண்ட குடும்பத்துக்காகப் பொன்தகட்டின்மீது வண்ணந்தீட்டிய கட்டுகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. சாதாரணச் சீட்டுகளோடு வெட்டுச்சீட்டாக 22 படச்சீட்டுகளைச் சேர்த்து ஆடும் ஆட்டம் அது, மொத்தம் 78. முந்நூறு ஆண்டுக்கு மேலாக அதை ஆட்டமாகவே மக்கள் ஆடி வந்தனர். 1781இல் பாரிஸ் நகரில் கூர் டி கெபெலின் என்னும் பாதிரியார், தாம் எழுதிவந்த பெருநூலின் எட்டாம் தொகுதியில், இது எகிப்தியரின் ஞானநூல், அதன் ஏடுகளே சீட்டுகளாய் மறைந்து நிற்கின்றன என்று எழுதினார். சான்று என்று அவர் காட்டியவை எல்லாம் அவருடைய ஊகங்களே. எகிப்தியரின் பட எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அன்று உலகில் ஒருவரும் இலர். ஷாம்போலியன் அதன் திறவைக் கண்டது 1822இல். படிக்க முடியாத எழுத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பொருளை மறுப்பவர் யார்?

ஆயினும் அப்பாதிரியார் சீனத்தையோ பாரசீகத்தையோ சொல்லாமல் எகிப்தைச் சொன்னது ஏன்? கேட்டவுடன் பாரிஸ் மக்கள் தலையசைத்தது ஏன்? அவர்கள் மனத்தில் அந்த நிலம் முந்நூறு ஆண்டுக்கு முன்னரே உழுது பண்படுத்தப்பட்டிருந்தது. அதைக் காண நாம் பிளாரன்ஸ் நகருக்குச் செல்ல வேண்டும்.

1460ஆம் ஆண்டளவில் மாசிடோனியாவிலிருந்து ஒரு துறவி பிளாரன்ஸுக்குக் கிரேக்கக் கையெழுத்துச் சுவடி ஒன்றைக் கொண்டுவந்தார். அந்நகரின் பெருஞ்செல்வரும் முடிசூடா மன்னருமான கோசிமோ டி மெடிசி அதற்காகவே ஊர் ஊராய் ஆள் அனுப்பியிருந்தார். சுவடியில் இருந்தவை ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் பெயரால் வழங்கிய பதினான்கு சிறு நூல்கள். ஹெர்மிஸ் கிரேக்கரின் தெய்வம். எகிப்தியரின் எழுத்துக்கும் கல்விக்கும் உரிய தெய்வமான தோத் என்பவரோடு அவரை ஒன்றாக்கிக் கண்டனர். தோத்தைப் ‘பெரியோன், பெரியோன்’ என்று அடுக்கிப் போற்றுவது எகிப்தியர் வழக்கம். அதன் கிரேக்க வடிவமே டிரிஸ்மெஜிஸ்டஸ். மும்முறை பெரியோன் என்பது பொருள். காலப்போக்கில் தெய்வம் மனிதராகி, மோசேயின் காலத்தில் வாழ்ந்த எகிப்திய முனிவர் என்ற கருத்து நிலைபெற்றது. திருச்சபையின் பெரும்புலவரான அகஸ்டினே அவரை மோசேக்குச் சில தலைமுறை பிந்தியவராக எண்ணியதால், அதில் ஐயுற வேண்டும் என்று பலருக்கும் தோன்றவில்லை.

கோசிமோவுக்கு அப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டது. அவருடைய மருத்துவரின் மகனான மார்சிலியோ பிச்சீனோ, பிளேட்டோவின் நூல்களை இலத்தீனில் பெயர்க்கும் பணியில் இருந்தார். பிளேட்டோ காத்திருக்கட்டும், முதலில் ஹெர்மிஸைப் பெயர்த்துக் கொடு என்று கோசிமோ பணித்தார். கிரேக்க ஞானத்தின் முடியெனப் போற்றப்பட்ட பிளேட்டோவை ஒதுக்கிவைத்துவிட்டு, சாகுமுன் படிக்க அந்த முதியவர் விரும்பியது இந்நூலை! பிச்சீனோ 1463இல் பணியை முடித்தார். கோசிமோ 1464இல் மறைந்தார். 1471இல் நூல் அச்சேறியது. அடுத்த நூற்றாண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பெற்றது.

அப்படி அதில் என்னதான் இருந்தது? முதல் நூலில் ஒருவன் தியானத்தில் ஆழ்ந்திருக்கையில் அளவிறந்த பேருருவொன்று தோன்றி, யாது அறிய விழைகிறாய் என்று கேட்கிறது. பேரறிவே அவ்வுருவம். உலகம் தோன்றியவாற்றையும், ஒளியிலிருந்து வந்த மனிதன் ஏழு கோள்களின் மண்டலங்களைக் கடந்து கீழிறங்கி, இயற்கையின் அழகில் மயங்கி உடலுள் சிக்கியவாற்றையும் அது காட்டுகிறது. இறந்தபின் உயிர் மேலேறும்போது ஒவ்வொரு மண்டலத்திலும் ஒவ்வொரு குற்றத்தைக் களைந்துவிட்டு, இறுதியில் கடவுளோடு கலக்கிறது. தன்னை அறிதலே அவ்வழியின் வாயில். உயிர், கட்டு, வீடு என்று கேட்டுப் பழகிய நம் செவிக்கு இஃது அவ்வளவு புதிதன்று. அன்றைய ஐரோப்பியருக்கோ மோசேக்கும் பிளேட்டோவுக்கும் கிறிஸ்துவுக்கும் பொதுவான ஊற்றுக்கண்ணைக் கண்டுவிட்டோம் என்ற களிப்பு உண்டாயிற்று. ஹெர்மிஸில் தொடங்கி ஆர்பியஸ், பித்தாகரஸ் வழியே பிளேட்டோவரை வரும் குருபரம்பரை ஒன்றைப் பிச்சீனோ வகுத்தார். சியன்னா நகரப் பேராலயத்தில் நுழைபவர் காலடியில், பளிங்குத் தளத்தில், மோசேயின் காலத்தவர் என்ற குறிப்போடு ஹெர்மிஸின் உருவத்தை 1488இல் பதித்தனர். கிறிஸ்தவக் கோயிலுக்குள் ஒரு புறச்சமயத்தவருக்கு இடம் கிடைத்தது அவருடைய பழமையால் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். முந்தியது எதுவோ அதுவே தூயது என்பது அக்காலத்தார் துணிபு. ஆதலால் ஹெர்மிஸின் பெருமை முழுவதும் ஒரே தூணின்மீது நின்றது. அந்தத் தூண் அவருடைய வயது.

அதன்மேல் எழுந்த மாடங்களை விரித்துரைக்கப் புகுந்தால் இந்த இதழ் போதாது. பீக்கோ டெல்லா மிராண்டோலா என்னும் இளைஞர் 1486இல், தம் இருபத்துமூன்றாம் வயதில், 900 கருத்துகளை வெளியிட்டு, யூதரின் கபாலா மறைஞானத்தையும் இம்மரபோடு இணைத்தார். போப்பாண்டவரின் சினத்துக்கும் ஆளானார். ஜெர்மானியரான அகிரிப்பா மந்திர நூல்களை எல்லாம் திரட்டி மூன்று பகுதியாக 1533இல் வெளியிட்டார். எகிப்தியரின் பழைய சமயத்தை மனமாரப் போற்றிய ஜியார்டானோ புரூனோ 1600இல் ரோம் நகரச் சந்தைவெளியில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சாட்டிய குற்றங்கள் பல. கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுத்தது, உலகங்கள் எண்ணிறந்தவை என்றது முதலியன. அவருடைய மரணத்துக்கு ஹெர்மிஸ் எவ்வளவு காரணம் என்பதில், பிரான்சிஸ் யேட்ஸ் அம்மையார் 1964இல் எழுதிய நூல் தொடங்கி, அறிஞரிடையே வழக்கு நடந்துவருகிறது. அதில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை.

இனி நாம் நின்று பேச விரும்பும் மனிதர் ஐசக் கசாபோன். மந்திரவாதியும் அல்லர், ஞானியும் அல்லர். கிரேக்கம் படித்த ஓர் ஏழைப் புலவர். பிரான்சு நாட்டில் சமயக் கொடுமைக்கு அஞ்சிப் புறப்பட்ட பெற்றோர்க்கு 1559இல் ஜெனீவாவில் பிறந்தவர். 1572இல் புராட்டஸ்டண்டு மக்களைக் கொன்று குவித்த கலகத்தின்போது குடும்பம் மலைக்குகையில் ஒளிந்திருந்ததாகவும், அங்கேதான் தந்தை அவருக்குக் கிரேக்கம் கற்பித்ததாகவும் சொல்வர். பிழைப்புத் தேடி ஜெனீவா, மான்பெல்லியே, பாரிஸ் என்று இடம் மாறி மாறி, 1610இல் இலண்டன் சென்றார். மன்னர் முதலாம் ஜேம்ஸ் அவரை அருகில் இருத்திக் கிரேக்கமும் இறையியலும் பேசுவார். ஆனால் தெருவிலோ கடையிலோ பேச அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நூல்களில் ஒரு பகுதி பாரிஸிலேயே தங்கிவிட்டது. குழந்தைகள் பலர், வருவாய் சிறிது. நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பேட்டில், படிக்க நேரம் கிடைக்காத நாட்களை இழந்த நாட்களாக எண்ணி வருந்தியிருக்கிறார். ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மவர்க்கு இம்மனிதரின் வாழ்க்கையில் புரியாதது ஒன்றும் இராது.

அவர் ஹெர்மிஸை வீழ்த்தப் புறப்பட்டவரல்லர். கத்தோலிக்கக் கர்தினால் பரோனியஸ் எழுதிய திருச்சபை வரலாற்றில் உள்ள பிழைகளைக் காட்டி இலத்தீனில் ஒரு மறுப்புநூல் எழுதினார். 1614இல் வெளிவந்த அந்நூலில், போகிற போக்கில், சில பக்கங்களில், ஹெர்மிஸின் வயதை ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய கருவி மொழி ஒன்றே. மோசேயின் காலத்து முனிவர் என்றால் ஃபிடியஸ் என்னும் சிற்பியின் பெயர் இந்நூலில் எவ்வாறு வந்தது? ஃபிடியஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டினர். கிரேக்கரின் பித்தியப் போட்டிகளைப் பற்றிய பேச்சு எவ்வாறு வந்தது? பழைய கிரேக்கத்தில் வழங்காத, பிற்காலத்தார் ஆக்கிக்கொண்ட தத்துவச் சொற்கள் இத்துணை எவ்வாறு புகுந்தன? பிளேட்டோவின் வாடையும், விவிலியத்தின் வாடையும் அடுத்தடுத்து வீசுவது ஏன்?

எகிப்திய மொழியில் இருந்ததைப் பிற்காலத்தார் கிரேக்கத்தில் பெயர்த்தனர் எனலாமே என்ற சமாதானம் பழங்காலத்திலேயே உண்டு. அதற்கு அவர் கூறிய விடை மிக நயமானது. நூலில் கிரேக்கச் சொல்லின் சிலேடைகள் வருகின்றன. ‘காஸ்மாஸ்’ என்றால் கிரேக்கத்தில் உலகம். ஒழுங்கு, அணி என்றும் பொருள் உண்டு. உலகம் அனைத்தையும் ஒழுங்குபடுத்துவதால் அப்பெயர் அதற்குப் பொருந்தும் என்று நூல் வாதிக்கிறது. இது கிரேக்க மொழியில் நினைத்து எழுதியவனுக்கே தோன்றும் வாதம். பூமாலையும் அந்திமாலையும் ஒரே சொல்லாய் நிற்பதை வைத்து ஒரு புலவர் கருத்தொன்றைக் கட்டினால், அக்கருத்து வேறு மொழியிலிருந்து பெயர்த்ததாக இருக்க முடியுமா? கசாபோன் ஓரங்களில் குறிப்பெழுதிப் படித்த பிரதி இலண்டன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. மை மங்கிய அந்த ஓரங்களில்தான் ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நம்பிக்கை ஒன்று சாய்ந்தது. ஐயுற்றோர் அவருக்கு முன்னும் சிலர் இருந்தனர்; சான்றுகளை அடுக்கி நிறுவியவர் அவரே. நூல் வெளிவந்த ஆண்டிலேயே, சூலை மாதத்தில், அவர் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

தூண் முறிந்ததே, மாடம் விழுந்ததா? இல்லை. இதுதான் இக்கதையில் நம்மை வியக்கவைத்த இடம். அதே 1614ஆம் ஆண்டில் ஜெர்மனியின் காசெல் நகரில் பெயரில்லா ஆசிரியரின் சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. கீழை நாடுகளுக்குப் பயணம் செய்து, டமாஸ்கஸ் முதலிய இடங்களில் ஞானம் பெற்றுத் திரும்பிய ஒருவர் இரகசிய சங்கம் ஒன்றை அமைத்தாராம். அவருடைய கல்லறை 120 ஆண்டுக்குப் பிறகு திறக்கப்பட்டதாம். உள்ளே உடல் வாடாமலும் விளக்கு அணையாமலும் இருந்தனவாம். ரோசாச் சிலுவைச் சங்கம் என்று அதற்குப் பெயர். தகுதியுடையோர் வந்து சேரலாம் என்று அழைப்பும் இருந்தது. முகவரி மட்டும் இல்லை. ஐரோப்பாவெங்கும் அறிஞர்கள் அச்சங்கத்துக்கு விண்ணப்பங்களை அச்சிட்டு வெளியிட்டனர். ஒருவருக்கும் விடை வந்ததாகத் தெரியவில்லை. 1616இல் அவ்வரிசையில் மூன்றாவதாக வந்த நூலைத் தாமே எழுதியதாக, யோகான் வாலண்டின் ஆண்டிரியே என்னும் லூத்தரன் பாதிரியார் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அதை ஒரு விளையாட்டு என்றும் குறித்தார். 1623இல் அச்சங்கத்தார் நகருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வந்திருப்பதாகப் பாரிஸ் சுவர்களில் தட்டிகள் ஒட்டப்பட்டன. அவ்வமயம் அங்கு வந்த தத்துவ அறிஞர் டேக்கார்ட்டையும் அச்சங்கத்தாருள் ஒருவர் என்று ஐயுற்றனர். அவர் தம்மை எல்லாரும் காணும்படி வெளியில் நடமாடியே ஐயத்தைத் தீர்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். பிற்பாடு, 18ஆம் நூற்றாண்டில், அப்பெயரில் மெய்யான சங்கங்களே தோன்றிவிட்டன. புத்தகம் முதலில் வந்தது. சங்கம் பின்னர் வந்தது!

நியூட்டன்கூட இவ்வாற்றில் இறங்கியவர்தாம். இரசவாதம் பற்றி அவர் கைப்பட எழுதியவை ஏறத்தாழ பத்து இலட்சம் சொற்கள். ஹெர்மிஸின் பெயரால் வழங்கும் மரகதப் பலகை என்னும் சிறு நூலை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்துவைத்தார். அது நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் அரபு மொழியில் உள்ளது. அவருடைய தாள்கள் 1936இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, பொருளாதார அறிஞர் கெயின்ஸ் அவற்றுள் பலவற்றை வாங்கிச் சிதறாமல் காத்தார். அறிவியல் ஒருபுறம், மறைஞானம் மறுபுறம் என்று நாம் இன்று கட்டும் சுவர் அம்மனிதரின் மேசையில் இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கதை நம் மாணவியின் சீட்டுக்கட்டை நெருங்குகிறது. எலிபாஸ் லேவி என்னும் பிரெஞ்சுக்காரர் 1850களில் அந்த 22 படச்சீட்டுகளையும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு பொருத்தினார். எண்ணிக்கை ஒத்தது; அவ்வளவே; ஆனால் அப்பொருத்தம் இன்றுவரை நிற்கிறது. 1888இல் இலண்டனில் பொன்விடியல் என்னும் பொருள்படும் இரகசிய சங்கம் தோன்றியது. ஜெர்மனியில் வாழும் ஓர் அம்மையார் எழுதிய கடிதங்களால் அதற்கு உரிமை கிடைத்ததாக நிறுவனர் கூறினர். அப்படி ஓர் அம்மையார் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கடிதங்கள் புனைந்தவை என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிவு. ஆயினும் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1890இல் அச்சங்கத்தில் சேர்ந்து பல்லாண்டு பயின்றார். அங்கிருந்த பமிலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியப் பெண்மணி வரைந்த சீட்டுக்கட்டு 1909இல் வெளிவந்தது. அந்தப் பெண்ணின் பட்டுத்துணிக்குள் இருந்தவை அவ்வம்மையாரின் படங்களே. ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று கையேடு கூறிய படங்களின் வயது நூற்றுச் சொச்சம். வரைந்தவர்க்குக் கிடைத்த ஊதியம் சொற்பம். நெடுங்காலம் கட்டின்மேல் அவர் பெயரும் இல்லை. எகிப்தியக் குருக்களுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்திருக்கலாம்.

இவ்விடத்தில் கதை நம் ஊர்ப்பக்கமே வந்துவிடுகிறது. 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிரம்மஞான சபையைத் தொடங்கினர். அம்மையார் 1877இல் வெளியிட்ட பெருநூலின் தலைப்பில் இருப்பது ஐசிஸ் என்னும் எகிப்தியப் பெண்தெய்வம். 1879இல் இருவரும் பம்பாய் வந்து இறங்கினர். 1882இல் சென்னை அடையாற்றில் இடம் வாங்கிச் சபையின் தலைமையகத்தை நிறுவினர். 1888இல் வந்த அடுத்த பெருநூலில் ஞானத்தின் தாயகம் இந்தியாவும் திபெத்தும் ஆகிவிட்டது. அதன் மூலம் சென்சர் என்னும் மொழியில் உள்ளதாம். அம்மொழியை எந்த மொழிநூலாரும் கண்டதில்லை. எகிப்தின் பட எழுத்தை எல்லாரும் படிக்கத் தொடங்கிவிட்ட பிறகு, மறைபொருளுக்கு வேறு வீடு தேவைப்பட்டது போலும்!

அடையாற்று ஆலமரத்தடியில் இளமையில் நாமும் நின்றிருக்கிறோம். உலகின் ஆதி ஞானம் உங்கள் நாட்டில் இருக்கிறது என்று வெள்ளையர் ஒருவர் எழுதியதைப் படித்தபோது நெஞ்சு நிமிர்ந்ததை மறைப்பானேன்? அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டில் அச்சொல் பலருக்கு ஊன்றுகோலாய் இருந்தது உண்மை. அச்சபை தோற்றுவித்த நூலகம் பல்லாயிரம் ஓலைச்சுவடிகளைக் காத்ததும் உண்மை. ஆயினும் பிளாரன்ஸில் எகிப்துக்குச் சூட்டிய அதே மாலையையே பின்னர் நமக்கும் சூட்டினர் என்பதை, இவ்வரலாற்றைப் படித்த பிறகே உணர்ந்தோம். அம்மாலை கழுத்தில் ஏறியதும் மகிழ்ந்தோமே தவிர, அளவெடுத்துத் தைத்தது யாருக்காக என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணை நோக்கி விற்பவர் கதை என்று எளிதாய்ச் சொன்ன நம் வாய், அடையாற்றில் அப்படிச் சொல்லியிருக்குமா?

கசாபோனிடம் மீண்டும் வருவோம். மொழிச்சான்றால் காலத்தைச் சரியாகக் கணித்த அவர், ஓரிடத்தில் தவறினார். கிறிஸ்துவ சமயத்தைப் பரப்ப எண்ணிய கிறிஸ்தவர் எவரோ இதைப் பொய்யாய்ப் புனைந்தனர் என்றார். இன்றைய அறிஞர் அதை ஏற்பதில்லை. இவை கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் எகிப்தில் வாழ்ந்த, கிரேக்கம் கற்ற, கிறிஸ்தவர் அல்லாத மக்களின் நூல்கள் என்பதே அவர்கள் முடிவு. 1945 திசம்பரில் மேல் எகிப்தில் நாக் ஹம்மாடி என்னும் ஊருக்கு அருகே, உரமண் தோண்டச் சென்ற உழவர்கள் புதைந்திருந்த சாடி ஒன்றைக் கண்டனர். அதிலிருந்து நமக்குக் கிடைத்தவை தோலட்டையிட்ட பழஞ்சுவடிகள் பதின்மூன்று. 4ஆம் நூற்றாண்டில் படியெடுத்தவை. மொழி காப்டிக், அதாவது எகிப்தியரின் சொந்த மொழியின் கடைசி வடிவம். ஆறாம் சுவடியில் ஹெர்மிஸின் நூல்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று அதற்குமுன் எவரும் கண்டிராதது. குரு சீடனை மகனே என்று அழைத்து, எட்டாவது, ஒன்பதாவது படிகளுக்கு ஏற்றிச்செல்லும் உரையாடல் அது. அதனை அடுத்து நன்றி கூறும் வேண்டுதல் ஒன்று. அது முடியுமிடத்தில் ஒரு சிறு குறிப்பு. வேண்டுதல் முடிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு, இரத்தம் கலவாத தூய உணவை உண்ணச் சென்றனர் என்பது அதன் பொருள்.

இக்குறிப்பைப் படித்தபோதே அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை கிடைத்ததாக நாம் உணர்ந்தோம். மோசே காலத்து முனிவர் இலர், உண்மை. ஆனால் யாரோ சிலர், ஓர் அறையில், மாலை வேளையில் கூடி, இவ்வேண்டுதலைக் கூறி, ஒன்றாய் அமர்ந்து உண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றக் கூடியவர்களல்லர். தம் ஆசிரியரின் பெயரைத் தம் நூலுக்கு இட்டு வழங்குவது அக்கால எகிப்தியருக்குப் பொய்யாகத் தோன்றியதில்லை என்றும் அறிஞர் சொல்கின்றனர். பிச்சீனோ கொடுத்த வயது தவறு. கசாபோன் கொடுத்த வயது சரி. அவ்வறையில் கூடியவர் தேடிய பொருள் மெய்யா என்பது மூன்றாவது வழக்கு; அதைப் பஞ்சாங்கத்தைக் கொண்டு தீர்க்க இயலாது.

தைத் திங்களில் ஒரு ஞாயிறன்று அந்த வீட்டுக்குச் சென்று இவ்வளவையும் சொன்னோம். முன்பு அவசரப்பட்டு விடை கூறியதையும், கேட்டதற்கு விடை கூறாமல் பேருந்தைப் பற்றிப் பேசியதையும் ஒப்புக்கொண்டோம். பெண் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்தக் கிரேக்கப் புலவர் ஊர்விட்டுப் போனபோது விட்டுவந்த புத்தகங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தனவா, மாமா?” என்று கேட்டாள். இதையும் நாம் எதிர்பார்க்கவில்லை. இம்முறை தெரியாது என்றே சொன்னோம்.

ஹெர்மிஸின் நூல்களைக் கோபன்ஹேவர் என்னும் பேராசிரியர் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1992இல் வெளியிட்ட பதிப்பைப் படிப்பறைக்கு வாங்கித்தர வேண்டும் என்று அவள் எழுதிக்கொடுத்த சீட்டு நம்மிடம் இருக்கிறது. விலை சற்று மிகுதிதான். அடுத்த செயற்குழுவில் வைப்போம். சீட்டுக்கட்டைப் பற்றி அம்மையார் வேறொன்றும் கேட்கவில்லை. காபி கொடுக்கும்போது, பூசை அலமாரியில் மட்டும் வைக்காதே என்று மகளிடம் சொன்னார்.